செம்பை அரிக்கும் கரைசல்கள்

வானொலிப் பெட்டியொன்றைத் திறந்து காட்டினால், டிரான்சிஸ்டர் எது, மின்தடை எது என்று நம் மாணவர்கள் உடனே கூறிவிடுவர். அடியில் ஓடும் செம்புக் கோடுகள் எப்படி உண்டாயின என்று கேட்டால் பலர் விழிப்பர். இயற்பியலார் அதை வேதியியல் என்று தள்ளுவர். வேதியியலாரோ அது இயற்பியல் என்று ஒதுங்குவர். இரு துறைக்கும் நடுவே கிடக்கும் இப்பொருளைப் பற்றி, வேதியியல் மாணவன் என்ற முறையில் சில கூற விழைகிறேன்.

செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் கலை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழமையுடையது. ரெம்பிராண்ட் அதில் வல்லவர். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்பார் 1936 அளவில் லண்டனில் அக்கலையின் உத்தியை வானொலிக்குக் கொண்டு வந்தார். வேண்டிய இடத்தை மையால் மறைத்து, வேண்டாத செம்பைக் கரைத்துவிடுவதே அவ்வுத்தி. இன்று நாம் வாங்கும் பலகையிலும் செம்பு ஏறக்குறைய 35 மைக்ரான் கனமே இருக்கும். அழியாத மையுள்ள மார்க்கர் பேனாவோ நகப்பூச்சோ இருந்தால் கோடு வரைந்துவிடலாம். எதில் கரைப்பது என்பதே கேள்வி.

கடைகளில் விற்பது ஃபெரிக் குளோரைடு. அதன் இரண்டு மூலக்கூறுகள் ஓர் அணு செம்பை ஆக்ஸிஜனேற்றிக் குப்ரிக் குளோரைடாக மாற்றித் தாம் ஃபெரஸ் குளோரைடாகக் குறைகின்றன. கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து செ.மீ. சதுரப் பலகையின் ஒரு பக்கத்தில் உள்ள செம்பு சுமார் 3.1 கிராம். அதை முழுவதும் கரைக்க, படிக நீருடன் கூடிய ஃபெரிக் குளோரைடு ஏறத்தாழ 27 கிராம் வேண்டும். இது நம்பத்தக்க கரைசல்தான். ஆனால் சட்டையில் பட்ட கறை போகாது, அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே போய்விடும். கடலூரிலும் சிதம்பரத்திலும் கேட்ட நாளில் கேட்ட கடையில் அது எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவேதான் நண்பர்கள் பலர் வீட்டுச் சரக்கை நாடுகின்றனர்.

வீட்டுச் சரக்கில் சிறந்தது சிட்ரிக் அமிலக் கலவை. மருந்துக் கடையில் '20 வால்யூம்' என்று விற்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு 50 மி.லி., நீர் 50 மி.லி., மளிகைக் கடைச் சிட்ரிக் அமிலம் 30 கிராம், சமையல் உப்பு 5 கிராம். இவ்வளவே. பெராக்ஸைடு செம்பை ஆக்ஸிஜனேற்றுகிறது. அமிலம் அதைக் கரைசலில் ஏற்கிறது. உப்பிலுள்ள குளோரைடு வினையை விரைவாக்குகிறது. கரைசல் நீலம் கலந்த பச்சையாக மாறுவதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பார்ப்பதே தனி இன்பம். சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் வினிகர் ஊற்றினாலும் நடக்கும், பொறுமை வேண்டும். கரைந்த செம்பே பெராக்ஸைடைச் சிதைக்கும் ஆதலால், மிஞ்சிய கலவையைப் பாட்டிலில் இறுக மூடி வைத்தல் கூடாது. ஆக்ஸிஜன் திரண்டு பாட்டில் வெடிக்கும்.

வீட்டுப் பொருள்தானே, கீழே ஊற்றினால் என்ன என்று நண்பர்கள் கேட்கின்றனர். நான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததே இக்கேள்விக்காகத்தான். நமது பலகையில் பாதிச் செம்பு கரைந்தது என்றாலும் 1.5 கிராம் ஆயிற்று. ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மி.கி. செம்புதான் இருக்கலாம் என்பது மைய அரசின் பொது விதி. அந்த அளவுக்கு இறங்க 500 லிட்டர் நீர் கலக்க வேண்டும். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மி.கி. என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு 30,000 லிட்டர், அதாவது வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர்த் தொட்டிகள் முப்பது! குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் இடுவதை நாம் அறிவோம். அதில் கொல்லுவதும் இச்செம்புதான்.

கழிவுக்குச் சலவைச் சோடா போட்டால் செம்பு வீழ்படிவாகிவிடும் என்று பலர் எழுதுகின்றனர். ஃபெரிக் குளோரைடுக்கு அது சரி. சிட்ரிக் அமிலக் கலவைக்கு அது பொருந்தாது. நம் ஆய்வகத்திலுள்ள பெனடிக்ட் கரைசலை நினைத்துப் பாருங்கள். செம்பும் சோடாவும் ஒன்றாக இருந்தும் அதில் வீழ்படிவு இல்லையே, ஏன்? சிட்ரேட் அயனி செம்பைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் கிண்ணத்திலும் அதே நிகழ்கிறது. கொடிய அமிலம் வேண்டாம் என்று எலுமிச்சையின் அமிலத்தை நாடியவர், எளிதில் வெளியேறாத செம்பைப் பெற்றுக்கொள்கிறார்.

இதற்கு மாற்று இரும்பு. பெராக்ஸைடு அடங்கிய பிறகு, அமிலத் தன்மை இருக்கும்போதே எஃகு நார் போட்டு ஓரிரு நாள் விட்டால், இரும்பு கரையும், செம்பு செந்நிறப் பொடியாக வெளிப்படும். (1830-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நிறுவிய பரங்கிப்பேட்டை அருகில் இருக்க, நமக்கு இரும்புக்கா பஞ்சம்?) நீலப் பச்சை நிறம் மறைந்தபின் பொடியை வடித்து, உலர்த்தி, பெயர் எழுதி ஆய்வகக் கழிவில் சேர்த்துவிடலாம். எஞ்சிய நீரையும் அதற்கென உள்ள கலத்தில் ஊற்றுவதே முறை.

கடலூர் சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றைப் பார்த்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 2004-இல் அவ்வூர் மக்களே வாளியும் பையும் கொண்டு காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். ஆலைகளின் கழிவோடு நம் கிண்ணத்தை ஒப்பிடுதல் மிகை என்பீர்கள். அளவில் மிகைதான், ஆலைக்கேனும் விதியும் வாரியமும் உண்டு, நம் கிண்ணத்தைக் கேட்பார் எவருமில்லை.

என் கருத்தில், நமக்கு ஏற்றது குப்ரிக் குளோரைடு முறையே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குப்ரிக் குளோரைடு செம்பைக் கரைத்துக் குப்ரஸ் ஆகும். மீன் தொட்டிப் பம்பால் காற்றைச் செலுத்தினால் மீண்டும் குப்ரிக் ஆகிவிடும். கரைந்த செம்பே அடுத்த பலகைக்குக் கருவி. ஒளிர்பச்சையானால் தயார், பழுப்பேறினால் காற்று வேண்டும். அவ்வப்போது சிறிது அமிலம் மட்டும் சேர்த்தால் ஒரே பாட்டில் பல ஆண்டு உழைக்கும். இதைத் தயாரிப்பது ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடி அணிந்து, புகைபோக்கி அறையில்தான் நடக்க வேண்டும். பெராக்ஸைடு மிகுந்தால் குளோரின் எழும்.

இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் சேர்ந்து இப்படி ஒரு பாட்டிலைப் பொதுவில் வைத்திருந்தால், மாணவர் தத்தம் அறையில் கிண்ணம் வைக்கத் தேவையிராது. பாட்டிலின் மூடியில் ஓர் ஊசித் துளையும், மேலே 'செம்பு: கீழே ஊற்றாதே' என்ற சீட்டும் இருக்கட்டும்.