சூடு ஒன்று, கணக்கு இரண்டு

என் இளைய மகன் பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "வாப்பா, சூஹு என்பதும் ஹாபா என்பதும் ஒன்றுதானா?" என்று கேட்டான். மலாய் மொழியில் முன்னது உஷ்ணநிலை, பின்னது உஷ்ணம். நாமோ இரண்டையும் "சூடு" என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வேற்றுமையை அறியாததனால் நேர்ந்த துன்பம் ஒன்றை ஒரு நோன்புக் காலத்தில் நான் கண்ணாரக் கண்டேன்.

கஞ்சித் தேக்சாவை அடுப்பிலிருந்து இறக்கியதும் பண்டாரி ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வைத்தார். சற்று நேரத்தில் கோப்பைக் கஞ்சி குடிக்கும் பதத்துக்கு ஆறிவிட்டது. தேக்சாவும் அவ்வாறே ஆறியிருக்கும் என்றெண்ணிய பையன் ஒருவன் அதை நகர்த்தப் போக, கஞ்சி தளும்பி அவன் காலில் கொட்டிவிட்டது. புண் ஆறப் பல வாரங்களாயின.

இறக்கியபோது இரண்டின் உஷ்ணநிலையும் ஒன்றே. 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். கஞ்சியும் பெரும்பாலும் தண்ணீரே. நம் ஜொகூர்க் காற்று 30 டிகிரி எனில், கால் கிலோ கோப்பைக் கஞ்சி ஆறுவதற்கு இழக்க வேண்டியது ஏறக்குறைய 12½ கிலோ கலோரி. 40 கிலோ தேக்சாவோ 2,000 கிலோ கலோரியை இழக்க வேண்டும்! சரக்கு 160 மடங்கு; ஆனால் சூடு வெளியேறும் மேற்பரப்பு அத்தனை மடங்கு இல்லை.

ஆகவே, பொருளிலுள்ள மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு வேகத்தில் அசைகின்றன என்பதைக் காட்டுவது உஷ்ணநிலை. அவையனைத்தின் அசைவும் சேர்ந்த மொத்த இருப்பே உஷ்ண சக்தி. கடைக்கணக்கில் சொன்னால், முன்னது ஒரு படியின் விலை. பின்னது மூட்டை முழுவதின் பெறுமானம்.

பெருநாளிரவில் பிள்ளைகள் கொளுத்தும் கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்டது. எனினும் அது தூசியளவே. கையில் பட்டதும் அணைந்துவிடும். எரிந்து முடிந்த கம்பி அப்படியன்று, தொட்டால் சுட்டுவிடும்.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1760ஆம் ஆண்டுகளில் இன்னொன்றையும் விளக்கினார். உருகும் பனிக்கட்டி உஷ்ணத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். உஷ்ணமானியோ பூஜ்யத்தில் நிற்கும். நீர் ஆவியாகும்போதும் இவ்வாறே. 100 டிகிரி ஆவியில், அதே எடையுள்ள 100 டிகிரி நீரில் உள்ளதைவிடக் கிலோவுக்கு 540 கிலோ கலோரி அதிகம். மூடியைத் திறப்போர் முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டியது இதனாலேயே.

சுட்டுவிட்டால் எண்ணெயோ பற்பசையோ பூச வேண்டாம். ஐஸ்கட்டியும் வைக்க வேண்டாம். உடனே ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தசைக்குள் புகுந்த உஷ்ணத்தை அந்நீர் வெளியே கொண்டுபோகும். பிறகு வைத்தியரிடம் செல்லுங்கள்.

அன்று அந்தப் பையனுக்கு இதைச் செய்ய எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இனி கஞ்சி காய்ச்சும் இடங்களில் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போமாக.