ஆகார சுத்தியும் அடம்பிடிக்கும் குழந்தையும்

செகந்திராபாத்தில் தமிழ் அன்பர்கள் பலர் வாழும் பத்மாராவ் நகர்ப் பகுதி. அங்கே ஒரு வீட்டில் நடந்த வாராந்திர சத்சங்கத்தில் பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் பாடமாக இருந்தது. உணவை ஸாத்விகம், ராஜஸம், தாமஸம் என மூன்றாக வகுக்கும் பகுதியைப் படித்து முடித்தோம். ஓர் இளம் தாய் தயக்கத்துடன் கேட்டார்: "அம்மா, ஸாத்விக உணவைத்தான் நான் சமைக்கிறேன். ஆனால் என் நான்கு வயது மகன் காய்கறியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறான். தயிர் சாதம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் இவற்றைத் தவிர வேறொன்றும் இறங்குவதில்லை. தினமும் சாப்பாட்டு நேரம் அழுகையில்தான் முடிகிறது. இதற்குக் கீதையில் வழி உண்டா?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே நிலையில் இருந்தவள் நான். வழி தெரியாமல் தவறு செய்தவளும் நான். அன்று அத்தாய்க்குச் சொன்னவற்றையும், பின்னர் சிந்தித்தவற்றையும் இங்கே ஒரு பாடமாகத் தொகுத்துக்கொள்வோம்.

ஆகாரம் என்பது எது?

ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்னும் கருத்தைச் சாந்தோக்ய உபநிஷதம் போதிக்கிறது. இங்கே 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு நம் ஆசாரியர்கள் இருவர் இருவிதமாகப் பொருள் கண்டார்கள். ஆதிசங்கரர், புலன்களின் வழியாக உள்ளே எடுத்துக்கொள்ளப்படும் அனைத்தும் ஆகாரமே என்றார். கண் காண்பதும் காது கேட்பதும் அதில் அடங்கும். ஸ்ரீராமானுஜரோ உண்ணும் உணவையே கருதி, அதில் விலக்க வேண்டிய குற்றங்கள் மூன்று என்றார்: பொருளின் இயல்பால் வருவது, அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வருவது, தூசு முதலிய அசுத்தம் கலப்பதால் வருவது. சுவாமி விவேகானந்தர் தமது பக்தியோகத்தில் இவ்விரு விளக்கங்களையும் எடுத்துக்காட்டி, இரண்டுமே வேண்டியவை என்று தெளிவுபடுத்துகிறார்.

இதை நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். தட்டில் உள்ள பீர்க்கங்காய்க் கூட்டு ஓர் ஆகாரம். அதை ஊட்டும்போது தாயின் முகத்தில் தெரியும் கோபம், "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்" என்ற பயமுறுத்தல், எதிரே ஓடும் தொலைக்காட்சி, கையில் திணித்த செல்பேசி ஆகியவையும் ஆகாரமே. காய் வயிற்றுக்குள் போகிறதோ இல்லையோ, இவை தவறாமல் உள்ளே போய்விடுகின்றன.

கீதை ஸாத்விக உணவின் இலக்கணமாக ஆயுள், வலிமை, ஆரோக்கியம் ஆகியவற்றோடு இன்பத்தையும் பிரீதியையும் சேர்த்துச் சொல்கிறது. துன்பமும் சோகமும் தருவதை ராஜஸ உணவின் பயனாகச் சொல்கிறது. அழவைத்துத் திணித்த கீரை, பொருளால் ஸாத்விகமாக இருந்தாலும் பயனால் எந்த வகையைச் சேரும்? நாம் சிந்திக்க வேண்டிய இடம் இது.

நம் ஊரிலேயே நடந்த ஆராய்ச்சி

ஹைதராபாத் தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நம்மில் பலர் பேருந்தில் கடந்து சென்றிருப்போம். இதன் பிறப்பிடம் தமிழ்நாடு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சர் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் அது. 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969இல் இப்போதைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதன் இயக்குநராக விளங்கினார்.

அக்காலத்தில் வைட்டமின் 'ஏ' குறைவால் கண்பார்வை இழந்த ஏழைக் குழந்தைகள் நாட்டில் ஏராளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வைட்டமினை அதிக அளவில் வாய்வழியே தரும் முறையை இந்நிறுவனம் ஆராய்ந்தது. அதன் அடிப்படையில் 1970இல் தேசியத் திட்டம் உருவாயிற்று. ஆயினும் நிலையான தீர்வு மருந்தில் இல்லை, வீட்டு உணவில்தான் உள்ளது என்பதைக் கோபாலன் வலியுறுத்திவந்தார். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கேரட், பரங்கிக்காய் முதலியவற்றில் உள்ள கரோட்டின் என்னும் பொருளை உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. அது உடலில் சேரச் சிறிது கொழுப்பு தேவை. கீரை மசியலில் ஒரு கரண்டி நெய் விட்ட நம் பாட்டிமார்களின் வழக்கம் பொருளுடையது.

காய்கறி, கீரை, கிழங்கு, பழம் ஆகியவை சேர்ந்து தட்டில் பாதி இடத்தைப் பெற வேண்டும் என்று இந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. ஆகவே காய் உண்ணாத குழந்தையை, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று அப்படியே விட்டுவிடவும் இயலாது.

எப்படி ஊட்டுவது என்பதையும் இதே நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின், இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் 60 கிராமங்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் வழக்கமான அங்கன்வாடிச் சேவை மட்டும். இரண்டாவதில், என்ன உணவு தருவது என்று தாய்மாருக்குப் போதனை. மூன்றாவதில் அத்துடன், குழந்தையின் பசிக் குறிப்பையும் போதும் என்ற குறிப்பையும் அறிந்து, முகம் பார்த்துப் பேசி ஊட்டுவதும், உடன் விளையாடுவதும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற கிராமப் பெண்களே வீடுதோறும் சென்று கற்பித்தார்கள். 2013இல் முடிவுகள் வெளியாயின. போதனை பெற்ற இரு பிரிவிலும் குழந்தைகளின் உணவு மேம்பட்டிருந்தது. மனவளர்ச்சியில் மேம்பட்டு நின்றவர்கள் மூன்றாம் பிரிவுக் குழந்தைகள். அதில் விளையாட்டின் பங்கும் உண்டு. ஊட்டும் முறையை மட்டும் காரணமாக்கிவிட முடியாது. ஆனாலும் குழந்தை உணவோடு அன்பையும் உட்கொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

குழந்தை ஏன் மறுக்கிறது?

முதலில், பசி குறைவது இயற்கை. மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது கிலோவாகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு அல்லது இரண்டரை கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. தாய்க்கோ அது நோயாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, கசப்பைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் மிகுதியாக உணர்கிறார்கள். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவதும் பொதுவான இயல்பு. அதைப் பிடிவாதம் என்று கொள்வது சரியன்று.

மூன்றாவது, பழக்கமே விருப்பத்தை உண்டாக்குகிறது. அமெரிக்க அறிஞர் லீயன் பர்ச் 1980களில் செய்த ஆய்வுகள் இதை விளக்கின. ஓர் உணவைப் பலமுறை சிறிது சிறிதாகச் சுவைத்த பின்பே குழந்தை அதை விரும்பத் தொடங்குகிறது. பத்து முறையும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நாமோ மூன்று முறை தள்ளிவிட்டால், "இவனுக்குக் கோவைக்காய் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். "இதைச் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்" என்று லஞ்சம் கொடுப்பதால், அந்த உணவின் மீதுள்ள விருப்பம் குறைகிறது என்பதும் பர்ச்சின் ஆய்வில் தெரிந்தது. லஞ்சம் வேண்டியிருப்பதால் இது கெட்ட பொருளே என்று குழந்தை முடிவுசெய்துவிடுகிறது போலும்!

என் தவறு

என் மகளுக்கு ஐந்து வயதில் பாகற்காய் பிடிக்கவில்லை. 'நல்ல பழக்கம்' கற்பிப்பதாக எண்ணி, தட்டு காலியாகும் வரை எழக்கூடாது என்றேன். ஒருநாள் அவள் வாந்தி எடுத்தாள். அதற்கும் அடித்தேன். இன்று அவள் இரு குழந்தைகளுக்குத் தாய். இன்றுவரை பாகற்காயைத் தொடுவதில்லை. சென்ற ஆண்டு அவளிடம், "அன்று நான் செய்தது தவறு, கண்ணா" என்றேன். அவள் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "எனக்குக் கசப்பு ஞாபகம் இல்லை அம்மா, உன் முகம்தான் ஞாபகம் இருக்கிறது" என்றாள். சங்கரர் கூறிய ஆகாரத்தின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

நடைமுறைச் சாதனை

1. என்ன உணவு, எந்த நேரம் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைக் குழந்தையின் வயிறு தீர்மானிக்கட்டும். இடையே பிஸ்கட், முறுக்கு என்று கொறிக்கக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டில் பசியை எதிர்பார்க்கலாகாது.

2. ஒரு தேக்கரண்டி அளவே வையுங்கள். தொட்டாலும் முகர்ந்தாலும் போதும். மறுத்தால் சினமின்றி எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மீண்டும் வையுங்கள். பலனில் பற்றின்றிக் கடமை செய்யும் கர்மயோகத்துக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எது?

3. விருப்பமான உணவோடு இணையுங்கள். ஹைதராபாத் வீடுகளில் தோட்டக்கூர, பாலக்கூர, கோங்கூர ஆகிய கீரைகளைப் பருப்போடு சேர்த்துக் கடைவார்கள். கீரையைத் தனியே தொடாத குழந்தையும் இந்தப் பப்பைச் சாதத்தில் பிசைந்து தந்தால் உண்ணக்கூடும். ஆனால் என்றும் ஒளித்தே தர வேண்டாம். தான் உண்பது இன்னதென்று குழந்தை அறியட்டும்.

4. 1999 முதல் இயங்கிவரும் ரைத்து பஜார்கள் எர்ரகட்டா, மெஹதிப்பட்டினம் முதலிய இடங்களில் உள்ளன. குழந்தையை அழைத்துச் சென்று, ஒரு காயை அதன் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். வெண்டைக்காய் கழுவவும், கீரை ஆயவும் விடுங்கள்.

5. சமைத்ததை இறைவனுக்கு நிவேதித்து, குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். உணவைப் பழிக்காதிருப்பதை ஒரு விரதமாகவே தைத்திரீய உபநிஷதம் விதிக்கிறது. தந்தை, "இன்றும் சுரைக்காயா?" என்று முகம் சுளித்தால், குழந்தைக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

6. மிகச் சிறு குழந்தைகளுக்குப் பச்சைக் கேரட் போன்ற கடினமானவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவற்றை வேகவைத்தே கொடுங்கள். எடை கூடாமல் இருத்தல், வெளுத்துப்போதல், விழுங்க முடியாமை ஆகியவை கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள்.

நிறைவாக

அன்று கேள்வி கேட்ட தாய் இரண்டு மாதம் கழித்து வந்தார். "கூட்டு, பொரியல் இன்னும் சாப்பிடவில்லை அம்மா. ஆனால் சாம்பாரிலுள்ள முருங்கைக்காயைக் கடித்துச் சப்புகிறான். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் அழுகை இல்லை" என்றார். சிறிய முன்னேற்றம்தான். எனினும் அவன் உண்ணும் ஆகாரம் ஏற்கெனவே தூய்மையாகத் தொடங்கிவிட்டது.

சிந்தனைக்கு:

இன்று என் குழந்தை என் முகத்திலிருந்து எதை உண்டது?

நான் பழிக்கும் உணவுகள் எவை? அவற்றை யார் முன்னிலையில் பழிக்கிறேன்?

இந்த வாரம் சினமின்றி மீண்டும் பரிமாறப்போகும் ஒரு காய் எது?