மாதச் சம்பளக்காரரின் 113 கிலோமீட்டர்

கோவாவில் நடக்கும் டிரையத்லான் ரேஸுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் ஆபீஸ் காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ, சைக்கிள், கோச் எல்லாம் பிறகு. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சாக எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதுதான் அயர்ன்மேன் 70.3. மூன்று தூரத்தையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், அதனால் அந்தப் பெயர். முழு அயர்ன்மேன் இதில் சரியாக இரண்டு மடங்கு, அவகாசம் 17 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் முதலில் பாதி தூரத்தைத் தொடுவதே நல்லது. முழு தூரம் எங்கும் ஓடிப்போகாது.

வேலை பார்ப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால், இதைத் தொடங்கியவரே வேலையில் இருந்தவர்தான் என்று சொல்லலாம். ஜான் காலின்ஸ் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. ஹவாயின் ஒவாஹு தீவில் ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் என மூன்றும் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. அவரும் மனைவி ஜூடியும் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் பிடித்தது. முடித்தவர்களில் காலின்ஸும் ஒருவர்.

லீவ்தான் முதல் பயிற்சி

கோவா 70.3 முதன்முதலில் 2019 அக்டோபரில் பனாஜியின் மிராமர் கடற்கரையில் நடந்தது. கொரோனா இடைவெளிக்குப் பின் 2022இல் மீண்டும் தொடங்கியதிலிருந்து அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. தமிழ்நாட்டு ஆபீஸ்களில் அந்தச் சமயத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2024இல் ரேஸ் அக்டோபர் 27, தீபாவளி அக்டோபர் 31. டீம் முழுக்க லீவ் கேட்டு வரிசையில் நிற்கிற வாரம் அது. ரேஸ் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வெள்ளிக்கிழமையே அங்கே இருக்க வேண்டும். பதிவு, விளக்கக் கூட்டம், சனிக்கிழமை சைக்கிளை ஒப்படைப்பது என்று வேலை இருக்கும். திங்கட்கிழமை பயணம். ஆக குறைந்தது இரண்டு நாள் லீவ், நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் மூன்று. பணம் கட்டிய அன்றே லீவுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், வர முடியாமல் போனால் கட்டணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்களா என்ற விதியைப் படித்துவிடுங்கள்.

ரேஸ் தேதியிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணினால் ஏப்ரல், மே. மார்ச் கணக்கு முடிப்பும் அப்ரைசலும் முடிந்து மூச்சு விடுகிற நேரம் என்பது நல்ல செய்தி. நீச்சல் குளம் முழுக்கக் கோடை வகுப்புப் பிள்ளைகள் என்பது கெட்ட செய்தி. காலை ஆறு மணி பேட்ச் கிடைக்குமா என்று மார்ச்சிலேயே கேட்டு வையுங்கள். வங்கிக்காரர்களுக்கு செப்டம்பர் அரையாண்டு முடிப்பு, பயிற்சி உச்சத்தில் இருக்கும் வாரங்களோடு வந்து மோதும். மிக நீளமான சைக்கிள் பயணத்தை அதற்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

யாரெல்லாம் இந்த வருடம் பெயர் கொடுக்கக் கூடாது? புது வேலையில் புரொபேஷனில் இருப்பவர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்த அப்பாவும் அம்மாவும். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். அந்த இரண்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தாலே டிரையத்லானை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லும் பரிசோதனைகளை முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வாரத்துக்கு ஒன்பது மணி நேரம்

பாதி தூரத்துக்கு வாரம் எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். வார நாட்களில் முக்கால் மணி நேர நீச்சல் இரண்டு, ஒரு மணி நேர ஓட்டம் இரண்டு, வீட்டிலேயே சைக்கிளை டிரெயினரில் மாட்டி ஒரு மணி நேரம். சனிக்கிழமை மூன்று, மூன்றரை மணி நேரச் சைக்கிள், ஞாயிறு ஒன்றரை மணி நேர ஓட்டம். கூட்டிப் பாருங்கள், ஒன்பது, ஒன்பதரைக்குள் அடங்கிவிடும். இந்த ஒன்பது மணி நேரத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் சளி, முழங்கால் வலி, மீட்டிங்கில் கொட்டாவி என்று வட்டியோடு திரும்பி வரும். செல்போனிலிருந்தும் இரவுச் சீரியலிலிருந்தும் எடுங்கள். நாலரைக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். அது முடியாத நாளில் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குவதே சரியான முடிவு.

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஏராளம். அவர்கள் ஏழு நாள் அட்டவணையை வெட்டி ஒட்டுவதால் பயனில்லை. ஷிஃப்ட் சுழற்சியையே அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும். மதியம் தொடங்கி இரவு முடிகிற ஷிஃப்ட் வாரம் பொன்னான வாரம். தூங்கி எழுந்த பிறகும் காலை முழுவதும் உங்களுடையது, குளமும் காலியாக இருக்கும். கடினமான பயிற்சிகளை அந்த வாரத்தில் குவியுங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை ஓட்டம், நீச்சல். இரவு ஷிஃப்ட் வாரத்தில் மெதுவான ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விழித்துவிட்டு விடிகாலையில் சைக்கிளோடு நெடுஞ்சாலையில் இறங்குவதை எந்தப் பயிற்சித் திட்டமும் நியாயப்படுத்தாது. லாரிக்காரரும் அதே தூக்கக் கலக்கத்தில்தான் வருகிறார்.

ஐடி ஆட்களுக்கு ஆன்-கால் வாரம் ஒரு தலைவலி. போனைக் குளத்துக்குள் கொண்டுபோக முடியாது. அந்த வாரம் நீச்சலைக் குறைத்து, வீட்டு டிரெயினரில் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிதிக்கலாம். மீட்டிங்கில் பேச வேண்டிய முறை வரும்போது மட்டும் மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது

2025 நவம்பரில் முன்னாள் பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கோவாவில் முடித்த படங்கள் செய்தியில் வந்ததிலிருந்து, இந்த ரேஸ் என்ன என்று விளக்குகிற வேலை மிச்சம். அரசியல் எதுவாக இருந்தாலும் அந்த உதவியை ஏற்றுக்கொள்ளலாம். மேனேஜரிடம் வீரக்கதை வேண்டாம், தேதியைச் சொல்லுங்கள். “சார், நவம்பர் இரண்டாவது வாரம் வெள்ளியும் திங்களும் லீவ் வேணும். இப்பவே போட்டுட்டேன். ரிலீஸ் அந்த வாரம் வந்தா என் பங்கு வேலையைப் புதன்கிழமைக்குள்ள முடிச்சு ஒப்படைச்சிடறேன், யார் பார்த்துக்கிறாங்கன்னும் பேசி வச்சிருக்கேன்.” இவ்வளவுதான். காலையில் ஒன்பது மணிக்கு முன் மீட்டிங் வைக்க வேண்டாம் என்று கேட்பதாக இருந்தால், எத்தனை வாரத்துக்கு என்று சேர்த்தே கேளுங்கள். முடிவுத் தேதி இருக்கிற கோரிக்கைக்குச் சம்மதம் சுலபமாகக் கிடைக்கும்.

சக ஊழியர்களிடம் பேச்சைக் குறையுங்கள். தினமும் ஓடிய கிலோமீட்டரை டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர் ஒரு நாள் வேலையில் சறுக்கினால், அந்தக் கிலோமீட்டர்தான் முதலில் பேச்சுக்கு வரும்.

தண்ணீரில் கற்றுக்கொள்ள வேண்டியது

நம் ஊரில் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தப் பழகியவர்களுக்குத் தண்ணீர் பயம் இல்லை. ஆனால் தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டே நீந்துவார்கள். தலை மேலே இருந்தால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த காலை இழுத்துக்கொண்டு 1.9 கிலோமீட்டர் போக முடியாது. முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூச்சை உள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கிற ஃப்ரீஸ்டைலைக் கோச் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். செலவழிக்க ஒரே ஒரு இடம் உண்டென்றால் அது இதுதான். நீச்சலுக்கு 70 நிமிடம் தருகிறார்கள். 25 மீட்டர் குளத்தில் 76 முறை, நூறு மீட்டருக்கு மூன்று நிமிடம் நாற்பது நொடி. பழகியவருக்கு இது மெதுவான வேகம், பழகாதவருக்கு எட்டாத வேகம்.

குளத்தில் இருப்பதுபோல் கடலுக்கு அடியில் கோடு இருக்காது. ஏழெட்டு முறை கை வீசியதும் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் போனால் 1.9 கிலோமீட்டர் இரண்டேகாலாகிவிடும். பக்கத்தில் நீந்துகிறவர் கை முகத்தில் விழும், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும். அப்போது நின்று மல்லாந்து மிதந்து, நாலு மூச்சு விட்டுவிட்டுத் தொடரப் பழகியிருக்க வேண்டும். கடல் பயிற்சிக்கு அனுபவமுள்ள குழுவோடும், கூட ஒரு படகோடும் போங்கள். மெரினாவில் தனியாக இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

கரையேறிய பிறகு வருவது டிரான்சிஷன். வரிசையாகச் சைக்கிள்கள் தொங்கும் இடத்தில் தலை லேசாகச் சுற்றும். காலில் மணல். பாட்டில் தண்ணீரில் பாதத்தைக் கழுவி, சாக்ஸ், ஷூ, எண் கட்டிய பெல்ட். பிறகு ஹெல்மெட். ஹெல்மெட் வார் பூட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்கலாம், அது விதி. வெளியேறும் இடத்தில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டித்தான் ஏறலாம், அதுவும் விதி. இந்த ஐந்து நிமிட வரிசையை வீட்டு மொட்டை மாடியில் துண்டு விரித்துப் பலமுறை செய்து பார்த்தவர்கள் அங்கே தடுமாறுவதில்லை.

ஈ.சி.ஆரில் விடிகாலைக் குழுவோடு மகாபலிபுரம் போய் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போவது பழக்கம். ரேஸில் அது குற்றம். 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், பிடிபட்டால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். அதனால் நீண்ட பயணங்களில் பாதியையாவது தனியாகக் காற்றை எதிர்த்து ஓட்டுங்கள். காதில் ஹெட்போனும் கூடாது.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரக்கட்டையாக இருக்கும். சனிக்கிழமைச் சைக்கிளுக்குப் பின் ஷூவை மாற்றி உடனே இருபது நிமிடம் ஓடினால் இது பழகிவிடும். இதற்கு பிரிக் என்று பெயர்.

சாப்பாடு, சைக்கிள், செவ்வாய்க்கிழமை

சைக்கிளில் மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழம், ஒரு ஜெல், கொஞ்சம் எலெக்ட்ரால் அல்லது அது மாதிரி உப்பு கலந்த பானம் என்று வைத்துக்கொள்ளலாம். கடலை மிட்டாய் முதல் மணி நேரத்தில் இறங்கும், மூன்றாவது மணி நேரத்தில் தொண்டையிலேயே நிற்கும். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். எதைச் சாப்பிடுவதானாலும் சனிக்கிழமைகளில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும். கோவா ஹோட்டல் பஃபேயில் முந்தின இரவு மீன் வறுவலைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

புதுச் சைக்கிள் இல்லாவிட்டால் பரவாயில்லை, நல்ல ரோடு பைக் ஒன்று போதும். அது உங்கள் உடலுக்குப் பொருந்துமாறு சீட்டையும் ஹேண்டிலையும் சரிசெய்துகொள்வதற்குச் செலவழியுங்கள். விமானத்தில் கொண்டுபோக பெட்டியை வாடகைக்கு எடுக்கலாம். பெடலைக் கழற்றி, காற்றைக் குறைத்துக் கட்டும் வேலையைக் கிளம்புவதற்கு முந்தின இரவில் முதல் முறையாகச் செய்யாதீர்கள். பஞ்சர் போடத் தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. வெளியாள் உதவி வாங்கினால் தகுதி நீக்கம் வரை போகும் என்பதால் ட்யூப் மாற்ற நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும்.

நீச்சலும் சைக்கிளும் சேர்த்து ஐந்தரை மணி நேரத்தில் முடிந்தால், ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் மிஞ்சும். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். நடந்தும் ஓடியும் கடக்கக்கூடிய வேகம்தான். சைக்கிளில் அவசரப்பட்டவர்களுக்குத்தான் அது கூட எட்டாமல் போகிறது.

முடித்த பிறகு ரெஸ்யூமேயில் ஒரு வரி, பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் போடுங்கள். அதைத் தலைமைப் பண்பு என்று விரித்து எழுதினால் நேர்காணலில் எதிரில் இருப்பவர் மாரத்தான் ஓடுபவராக இருந்து கேள்வி கேட்கத் தொடங்குவார். ஆபீஸில் செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்படும், முக்கியமான பிரசென்டேஷனை அன்றைக்கு வைக்காதீர்கள். மலேசியாவின் லங்காவியில் முழு தூரம் இருக்கிறதே என்ற யோசனை அந்த வாரமே வரும். நடிகர் மிலிந்த் சோமன் 49 வயதில், 2015இல் சூரிச்சில் முழு தூரத்தை 15 மணி 19 நிமிடத்தில் முடித்ததையும் யாராவது நினைவுபடுத்துவார்கள். அதற்கு வாரம் பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரம் வேண்டும். அடுத்த அப்ரைசல் முடியும் வரை பணம் கட்டாதீர்கள்.