கரையில் நிற்கும் ஆண்டவர்



பாஸ்கு ஞாயிறன்று கோயில் நிறைகிறது, அல்லேலூயா முழங்குகிறது. மறுநாள் துறைமுகத்துக்கும், தொழிற்சாலை ஷிப்டுக்கும், மீன் கூடைக்கும் திரும்புகிறோம். "சேசுநாதர் உயிர்த்தார் என்று விசுவசிக்கிறேன், சுவாமி. ஆனால் என் பிழைப்பில் என்ன மாறிற்று?" என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 21-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவர் உயிர்த்த பின்னரும் அர்ச். இராயப்பர் மீன்பிடிக்கப் போனார். இரவெல்லாம் உழைத்தும் வலை வெறுமையாயிருந்தது. விடியற்காலையில் ஒருவர் கரையில் நின்றார். அவர் ஆண்டவரென்று சீடர்கள் அறியவில்லை. அவர் காட்டிய பக்கம் வலை வீசினார்கள். 153 பெரிய மீன்கள் அகப்பட்டன. கரையேறியபோது கரி நெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் ஆயத்தமாயிருந்தன. சாவை வென்றவர் களைத்த தொழிலாளருக்குக் காலை உணவு தயார் செய்தார்! இராயபுரத்துக்கு அந்த இராயப்பராலேயே பெயர் வந்தது என்பார்கள். படகுத் தொழிலாளர் எழுப்பிய அவர் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. இந்தச் சுவிசேஷம் நம் கரைக்கு அந்நியமானதன்று.

ஆனால் நம்பிக்கை என்றால் துன்பத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வதா? இல்லை. உயிர்த்த திருச்சரீரத்திலும் காயங்கள் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் கறுப்புப் படிந்தது. மீனவர் தொழில் நின்றது. "எல்லாம் தேவசித்தம், சும்மா இருங்கள்" என்று அவர்களிடம் சொல்வது கிறிஸ்தவ நம்பிக்கை ஆகாது. மீனவர்களே படகேறி, அந்த நாற்றத்தின் நடுவில் எண்ணெயை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் பலர் வாளிகளால் அள்ளினார்கள். தண்ணீர் மீண்டும் தெளியும் என்று நம்பாதவன் வாளியைத் தொடமாட்டான். நியாயமான நஷ்ட ஈடு கேட்பதும், இனி இப்படி நேராமல் தடுக்கப் பாடுபடுவதும் அந்த நம்பிக்கையின் கிரியைகளே.

காத்திருப்பதும் நம்பிக்கையே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்நாட்களில் மீன்குலம் நம் கண்ணுக்கு மறைவாகப் பெருகுகிறது. நாம் வலையைச் செப்பனிடுகிறோம். கல்லறையில் கிடத்திய நம்மவர்களைக் குறித்தும் அவ்வாறே காத்திருக்கிறோம்: கண்ணீரோடு, ஆனால் கை ஓயாமல்.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ம் அதிகாரம் முழுவதும் உயிர்ப்பைப் போதிக்கிறார். முடிவில் என்ன சொல்கிறார்? ஆண்டவருக்குள் நாம் படும் பாடு வீணாகாது என்கிறார்.

இந்த வாரத்துக்கு இரண்டு பிரதிக்கினைகள். வேலைக்குப் புறப்படுமுன் சிலுவை அடையாளம் வரைந்து, "ஆண்டவரே, இன்று என் கரையிலும் நிற்கிறீர்" என்று சொல்லுங்கள். பிறகு, தொழிலின்றி இருக்கும் ஒரு வீட்டுக்கு ஒருவேளை உணவு கொண்டுபோங்கள். ஆண்டவர் கரையில் செய்தது அதுதானே!