சைக்கிள் நமக்கா, நாம் சைக்கிளுக்கா?



இந்த மாதப் பாடத்துக்கு ஓர் அளவு டேப், தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகம், ஒரு பென்சில் தேவை. எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். முதலில் எங்கள் வீட்டுக் கதை.

நான் கிள்ளானில் வளர்ந்தவன். படிவம் ஐந்து முடித்ததும் என் சைக்கிள் தங்கச்சிக்குப் போனது. அப்போது அவளுக்கு வயது 13. "வளர்ற பிள்ளைதானே, போகப் போக சரியாயிடும்" என்று எல்லாரும் சொன்னோம். ஒரு நாள் டியூஷனுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். கால் தரைக்கு எட்டவில்லை; அப்படியே சாய்ந்து விழுந்தாள். பின்னால் வந்த லோரி நல்லவேளையாக பிரேக் பிடித்து நின்றது. முழங்கையில் தையல் போட்டார்கள். அப்பா சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார்.

"எனக்கு சைக்கிள் வராதுண்ணே" என்றாள் தங்கச்சி.

"நீ பயப்படுற, அதான்" என்றேன் நான். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அதை விற்க ஒரு பழைய ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அங்கிள் சைக்கிளைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். டேப்பை எடுத்து, ஃபிரேமின் மேல் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். 74 சென்டிமீட்டர். பிறகு தங்கச்சியை அளந்துகொள்ளச் சொன்னார். அவள் உள்கால் நீளம் 70. அதுவும் 15 வயதில்!

"கம்பி காலைவிட உயரம். இந்தப் பிள்ளை எப்படி நிக்கும்?" என்று மலாயில் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தவறு அவள் தைரியத்தில் இல்லை, ஃபிரேமில் இருந்தது. அன்று அங்கிள் சொன்னதையும், அதன்பின் நானே படித்துச் செய்து பார்த்ததையும்தான் இங்கே தருகிறேன்.

1. காலை அளப்போம்

செருப்பு இல்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துமே, அந்த அளவுக்கு மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பை சுவரில் குறித்து, தரையிலிருந்து அளங்கள். இதுதான் உள்கால் நீளம். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கும் இது மாறும். அதனால் மொத்த உயரத்தை மட்டும் சொல்லி சைக்கிள் வாங்காதீர்கள்.

2. நின்று பாருங்கள்

மேல் கம்பியின் இரு பக்கமும் கால் வைத்து, பாதம் முழுவதும் தரையில் பட நில்லுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் நடுவே சாலை சைக்கிளில் 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மலைப்பாதை சைக்கிளில் இன்னும் கூடுதலாக இருக்கட்டும். இடைவெளி இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 'எஸ்', 'எம்' என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொன்றின் 'எல்' மாதிரி இருக்கும்.

3. சீட் உயரம்

சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். அப்படி வைத்தால் சீட் தாழ்ந்துவிட்டது என்று பொருள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டும். அதற்குத்தான் இரண்டாம் பாடத்தின் இடைவெளி. புதிதாகப் பழகுபவர் மட்டும் கொஞ்ச நாள் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம்.

சுவரைப் பிடித்து உட்காருங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரி.

கணக்கும் உண்டு. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் முறை இது: உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்குங்கள். 70 சென்டிமீட்டர் என்றால் சுமார் 61.8. பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை அந்த அளவு. இது தொடக்கம்தான், ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சீட் தண்டில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும்படி மட்டும் உயர்த்தவே கூடாது, தண்டு உடைந்துபோகலாம்.

4. கை எட்டும் தூரம்

ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் காதுவரை ஏறக்கூடாது. எட்டவில்லையென்றால் ஹேண்டிலைத் தாங்கும் தண்டைக் குட்டையானதாக மாற்றலாம். சின்னக் கை உள்ளவர்களுக்காகப் பல பிரேக் பிடிகளில் ஒரு குட்டி ஸ்குரு இருக்கும். அதைத் திருப்பினால் பிடி விரலுக்குக் கிட்டே வரும்.

5. வலி என்ன சொல்கிறது?

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால், அல்லது இடுப்பு இரு பக்கமும் ஆடினால், சீட் உயரம். கை மரத்துப்போனால் ஹேண்டில் தூரம் அல்லது தாழ்வு. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரிசெய்த பிறகும் வலி நிற்கவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.

குள்ளமாக இருக்கிறோமே என்று யாரும் தயங்க வேண்டாம். நம் நாட்டு அஜிசுல்ஹஸ்னி அவாங்கின் செல்லப் பெயரே 'பாக்கெட் ராக்கெட்மேன்'. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி, 2017இல் கெய்ரின் உலக சாம்பியன்.

தங்கச்சிக்கு அந்த அங்கிளிடமே ஒரு சின்ன ஃபிரேம், பழையது, வாங்கினோம். முதல் நாள் அப்பா பின்னாலேயே மோட்டாரில் போனார். இரண்டாவது வாரம் போகவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, டயருக்குக் காத்து அடிச்சுக் குடு" என்றாள்.

செய்து பாருங்கள்

அ. உங்கள் உள்கால் நீளத்தை அளந்து, சீட் உயரத்தைக் கணக்கிடுங்கள்.

ஆ. வீட்டில் தம்பி தங்கைகள் ஓட்டும் சைக்கிளில் அவர்களை நிற்க வைத்து, கம்பியின் இடைவெளியைப் பாருங்கள்.

இ. "எனக்கு வராது" என்று சைக்கிளை விட்டவர் யாராவது உங்கள் குழுவில் இருக்கிறாரா? அடுத்த கூட்டத்துக்கு டேப்போடு போய் அவருடைய சைக்கிளை அளந்து பாருங்கள்.