மேசையில் ஒரு சீனவலை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் நின்றால் கடல் தெரியாது. தெரிவது காயல்தான், மிளகும் இஞ்சியும் அடுக்கிய கிடங்குகளின் பின்படிகளில் வந்து மோதும் தண்ணீர். மணலும் அலையும் வேண்டுமென்றால் ஃபோர்ட் கொச்சி வரை போகவேண்டும். ஆனாலும், கடற்கரையை வீட்டுக்குள் கொண்டுவர விரும்புகிறவருக்கு நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன். சுவர் முழுக்க நீல பெயின்ட், பிளாஸ்டிக் நங்கூரம், சிப்பி ஒட்டிய கண்ணாடி என்று வாங்கிக் குவித்தால் அது எந்த ஊர்க் கடலாகவும் இருக்காது. ஒரு நல்ல படமும் அதற்கென்றே அமைத்த ஒரு விளக்கும் போதும். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நிறம். காயல் வந்து கலப்பதால் கொச்சிக் கடல் பெரும்பாலும் பச்சை கலந்த பழுப்பாக, மழைக்காலத்தில் ஈயச் சாம்பலாக இருக்கும். நீலத்தை எவ்வளவு வைப்பது என்பதற்கு மட்டாஞ்சேரியின் பரதேசி யூத ஆலயத்தின் தரையைப் பாருங்கள். 1568இல் கட்டிய ஆலயம் அது. தரை ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டன் நகரிலிருந்து வந்தவை, கையால் தீட்டியவை. வெள்ளைப் பரப்பில் கொஞ்சமே நீலம், ஆனால் கண் அதை விட்டு நகராது. எனவே சுவர் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கட்டும். நீலம் ஒரு படத்திலோ ஒரு மெத்தை உறையிலோ வந்தால் போதும். அதோடு செம்புரைக்கல்லின் சிவப்பு, தேக்கின் கருப்பழுப்பு. அந்த ஆலயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணாடி விளக்குகள் ஒரே உயரத்தில் இல்லாமல் மேலும் கீழுமாகத் தொங்கும். அறையின் நடுவில் ஒற்றை டியூப் லைட்டை எரியவிட்டால் எந்தப் படமும் செத்துவிடும்.

அடுத்தது படம். சூரியன் சாயும் நேரத்தில், ஃபோர்ட் கொச்சிக் கரையில் மீன்பிடிக்கும் சீனவலைகளை நீங்களே எடுத்த ஒரு புகைப்படம், கடையில் வாங்கும் பத்துப் படங்களைவிட மேல். அச்சிடும்போது பளபளப்பில்லாத மேட் தாள் கேளுங்கள். விளக்கொளி அதில் திருப்பி அடிக்காது. அளவு, கீழே இருக்கும் மேசை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. படத்தின் நடு, தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். பலர் இதைவிட மேலே மாட்டிவிட்டு, அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கடலோர ஊரில் படத்துக்கு எதிரி ஈரம். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படம் கிழியும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. தென்மேற்கு மழை நேராக அறையும் வெளிச்சுவரில் தாளில் செய்த படம் எதையும் மாட்டாதீர்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி நிற்காது. துளைபோட்டு, பிளக் செருகி, திருகாணி போடவேண்டும்.

துணியில் அச்சிட்டதோ தீட்டியதோ என்றால் சட்டமே வேண்டாம். ஃபோர்ட் கொச்சி வேளியில் உள்ள டோபிகானாவில், தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சலவை செய்கின்றன. அங்கே துணி காயப்போட கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுவார்கள்; எந்தக் காற்றுக்கும் விழாது. அதே முறையில் வீட்டில் ஒரு தென்னங்கயிற்றைச் சுவரின் குறுக்கே இழுத்துக் கட்டிப் படத்துணியைச் செருகலாம். கயிறு மட்டும் நனையக் கூடாது, பழுப்புச் சாயம் இறங்கும்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருக் கடைகளில் கண்ணுக்குப் பிடித்தது ஏராளம் கிடைக்கும். பித்தளை என்று சொல்லும் கப்பல் விளக்கில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருவேறும். நூறாண்டு பழமை என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள், அழகுக்குக் கொடுங்கள். பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை மூன்றையும் எங்கே கண்டாலும் வாங்கவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 அவற்றைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கடலைக் கொன்று கடற்கரை அலங்காரம் செய்வதை என்னால் ஏற்க முடியாது.

இனி விளக்கு. சீனவலையை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் கனமான வலை, பின்பக்கம் கயிறுகளில் கட்டிய கற்கள். யாழ்ப்பாணத்துத் துலாக் கிணற்றில் இருப்பதும் இதே கணக்குத்தான். இரவில் மீனைக் கவர வலைக்கு மேல் விளக்குத் தொங்கவிடுவதும் உண்டு. ஆகவே அந்த வலையே ஒரு பெரிய மேசை விளக்கு. அதைச் சின்னதாகச் செய்யலாம்.

25 செ.மீ. சதுரத்தில் கனமான பலகை ஒன்று, 40 செ.மீ. உயரத்தில் ஒரு தூண், 60 செ.மீ. நீளத்தில் மெல்லிய மரக் கை ஒன்று. கையின் பின்முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளித் துளைபோட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து, போல்ட்டும் கையால் திருகும் பட்டர்ஃப்ளை நட்டும் போட்டுத் தூணில் இணையுங்கள். போல்ட் பித்தளையாகவோ ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். முன்முனையில் ஹோல்டரும் விளக்குக் கூடும் பல்பும் சேர்ந்து 200 கிராம், கை 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், பின்முனையில் சுமார் 475 கிராம் கல்லைச் சணலால் கட்டினால் சமநிலை வரும். ஒரே கல்லாகக் கட்டாதீர்கள். பெரியது ஒன்றைக் கட்டி, சின்னக் கற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். விரலை எடுத்ததும் கை நிறுத்திய இடத்திலேயே நின்றால் எடை சரி.

கூட்டுக்குத் தாழம்பாய்த் துண்டு அருமையாக இருக்கும். கொல்லம் மாவட்டத்துத் தழவா அதற்குப் பேர்போன ஊர். பாயின் இழை வழியே கசியும் வெளிச்சத்துக்கு அந்திவெயிலின் நிறம். எல்இடி பல்பு மட்டுமே போடவேண்டும். 5 வாட், 2700 கெல்வின். பல்புக்கும் பாய்க்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். வயரை இழுத்தால் இணைப்பில் இழுபடாதபடி ஹோல்டருக்குள் முடிச்சுப் போடவேண்டும். பித்தளை உடம்புள்ள விளக்கை வாங்கினால் மூன்று கம்பி வயரும் எர்த்தும் கட்டாயம். பழைய கப்பல் விளக்கென்றால் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் முழுவதும் மாற்றிவிட்டுப் பிறகு எரியவிடுங்கள்.

வலது கையால் எழுதுகிறவருக்கு விளக்கு இடப்பக்கம். உட்கார்ந்த நிலையில் பல்பு கண்ணில் படக் கூடாது. வேலை முடிந்ததும் விளக்கின் கையைச் சற்றே உயர்த்தி, பலகையோடு படத்தின் பக்கம் திருப்புங்கள். வெளிச்சம் நேராக விழாமல் சாய்வாக விழட்டும். கண்ணாடியில் பல்பின் உருவம் தெரிந்தால் விளக்கை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். படமும் விளக்கும் சேர்வது இந்த ஊரில் பழைய கதை. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் இராமாயணம் தீட்டியவர்களின் மரபில், கருப்பு நிறத்தை எண்ணெய் விளக்கின் புகைக்கரியிலிருந்துதான் எடுத்தார்கள். விளக்கில்லாமல் அந்த ஓவியத்தில் கோடே இல்லை.

ஜூன் பிறந்ததும் மரம் ஈரம் குடித்து ஊதும், கை இறுகி நகர மறுக்கும். அப்போது நட்டைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். சணல் முடிச்சுகளையும் அவிழ்த்து மறுபடி கட்டி, கற்களைத் துடைத்து, சமநிலையை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.