பெயரும் எல்லையும்

நுழையும்முன்

ஒரு வீட்டில் ‘அம்மா’ என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர் ஒருவர். அடுத்த வீட்டில் அதே சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பவர் வேறொருவர். சொல் ஒன்றே, அது யாரைச் சுட்டுகிறது என்பதை முடிவு செய்வது சொல் ஒலிக்கும் இடம். கணினிக்காக எழுதப்படும் நிரல்களிலும் பெயர்கள் இடம் சார்ந்தே பொருள் பெறுகின்றன. ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்பதை நிரல்பெயர்ப்பி எவ்வாறு கண்டறிகிறது, அவ்விதியை அறியாதவர் எங்கே இடறுகிறார் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சொல்லும் சூழலும்

ஒரு சொல் பல பொருள்களைக் குறிப்பது மொழிக்கு இயல்பு. ‘மா’ என்னும் சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் மரம் என்றும், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு என்றும் உடன்வரும் வினையால் உணர்கிறோம். ‘மா வீழ்ந்தது’ என்றாலோ ஐயம் எழுகிறது. மரமும் வீழும், விலங்கும் வீழும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இவ்விருவகையையும் பிரித்துக் காட்டுகிறது. வினையால் பொருள் விளங்காத இடத்தில், கூறுபவரே தாம் கருதியதைத் தெளிவாக்கிக் கூற வேண்டும் என்றும் அது நெறிப்படுத்துகிறது.

கேட்பவர் மனிதராயின் ஐயம் வரும்போது வினவலாம்; முன்பின் நடந்ததை நினைந்து ஊகிக்கலாம். கணினி வினவுவதில்லை, ஊகிப்பதுமில்லை. ஆகவே, ஒவ்வொரு நிரல்மொழியும் ஒரு பெயரின் பொருளைத் துணியும் விதியை முன்னரே வகுத்து வைத்திருக்கிறது.

நிரல்பெயர்ப்பியின் பணி

மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் மென்பொருள் நிரல்பெயர்ப்பி ஆகும். அது முதலில் எழுத்துகளின் வரிசையைச் சொற்களாகப் பிரிக்கிறது. அடுத்து, அச்சொற்கள் தொடரிலக்கணத்திற்கு ஏற்ப அமைந்துள்ளனவா என்று ஆராய்கிறது. ஆனால், தொடர் பிழையின்றி அமைந்திருப்பது மட்டும் போதாது. பத்தாம் வரியில் வரும் ‘விலை’ இரண்டாம் வரியில் அறிவிக்கப்பட்ட ‘விலை’தானா, ஏழாம் வரியில் அறிவிக்கப்பட்ட வேறொரு ‘விலை’யா என்பதை இலக்கணம் கூறாது. ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய அறிவிப்போடு இணைக்கும் இப்பணியே பெயர் இனங்காணல் எனப்படும்.

தொடக்ககால மொழிகளில் இப்பணி எளிதாக இருந்தது. அதனாலேயே இடரும் இருந்தது. 1957ஆம் ஆண்டு ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும். பிற எழுத்துகளில் தொடங்குவது பின்ன எண்ணைக் குறிக்கும். பெயரை எழுதும்போது ஓர் எழுத்துத் தவறினால், அது பிழையாகக் கருதப்படாமல் புதியதொரு மாறியாகிவிடும். கணக்கு தவறாக முடியும், காரணமோ புலப்படாது. இவ்வியல்பைத் தடுத்து, எல்லாப் பெயர்களையும் அறிவிக்கச் செய்யும் கூற்று ஃபோர்ட்ரான் 90 தரநிலையில் இடம்பெற்றது.

தொகுதியும் வரையெல்லையும்

1960ஆம் ஆண்டு, பீட்டர் நார் பதிப்பித்த அறிக்கையின் வழியாக அல்கால் 60 என்னும் மொழி வெளிவந்தது. நிரலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒன்றனுள் ஒன்றாக அமைக்கும் முறையை அது தெளிவாக வரையறுத்தது. ஒரு தொகுதிக்குள் அறிவிக்கப்பட்ட பெயர் அத்தொகுதிக்குள் மட்டுமே செல்லும். அவ்வாறு ஒரு பெயர் செல்லுபடியாகும் நிரற்பரப்பே அப்பெயரின் வரையெல்லை ஆகும். பின்வந்த பாஸ்கல், சி, ஜாவா முதலிய மொழிகள் பலவும் இக்கருத்தைத் தமக்கேற்ப ஏற்றுக்கொண்டன.

தமிழ்ச்சொற்களால் அமைந்த மாதிரி நிரல் ஒன்றைக் காண்போம். கடையில் விற்ற பொருள்களின் விலைகளைக் கூட்டுவது இதன் நோக்கம்.

1. எண் மொத்தம் = 0
2. செயல் கூட்டு(விலை)
3. எண் மொத்தம் = 0
4. மொத்தம் = மொத்தம் + விலை
5. முடிவு
6. கூட்டு(40)
7. கூட்டு(60)
8. அச்சிடு(மொத்தம்)

இதில் ‘எண்’ என்னும் சொல் புதிய மாறியை அறிவிக்கிறது. இதனைப் படிக்கும் நிரல்பெயர்ப்பி, பெயர்களைப் பதிந்து வைக்கக் குறியீட்டு அட்டவணை ஒன்றைப் பேணுகிறது. அதனை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏடுகளாகக் கருதலாம். முதல் வரியின் ‘மொத்தம்’, இரண்டாம் வரியின் ‘கூட்டு’ ஆகிய இரண்டும் அடியிலுள்ள ஏட்டில் பதியப்படுகின்றன. செயற்கூறு தொடங்கியதும் புதிய ஏடு மேலே வைக்கப்படுகிறது. அதில் ‘விலை’ இடம்பெறுகிறது. மூன்றாம் வரியில் அறிவிக்கப்படும் இன்னொரு ‘மொத்தம்’ அதன்கீழ் இடம்பெறுகிறது. நான்காம் வரியில் ‘மொத்தம்’ என்னும் பெயரைக் கண்டதும் நிரல்பெயர்ப்பி மேலேட்டில் தேடுகிறது. அங்கேயே கிடைத்துவிடுவதால் அடியேட்டைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வரியில் மேலேடு அகற்றப்படுகிறது. எட்டாம் வரியில் எஞ்சியிருப்பது அடியேடு மட்டுமே. அதிலுள்ள ‘மொத்தம்’ எவராலும் தொடப்படவில்லை. எனவே, 0 என்று அச்சாகிறது.

நூறு ரூபாய்க்கு விற்ற கடையின் கணக்கு சுழியத்தைக் காட்டுகிறது. நிரல்பெயர்ப்பி விதிப்படியே நடந்தது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. மூன்றாம் வரியை முழுவதுமாக நீக்கினால் உள்ளே தேடிக் கிடைக்காத பெயர் வெளியே கண்டறியப்பட்டு, விடை 100 ஆகும். ‘எண்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் நீக்கினால், ஒவ்வொரு முறையும் வெளியிலுள்ள மொத்தம் சுழியமாக்கப்பட்டு, விடை 60 ஆகும். ஒரு வரியின் மாற்றத்தில் மூன்று வேறு விடைகள் பிறக்கின்றன.

எழுதிய இடமா, அழைத்த இடமா?

உள்ளே கிடைக்காத பெயரை வெளியே தேட வேண்டும் என்றோம். ‘வெளியே’ என்பது எது? செயற்கூறு எழுதப்பட்ட இடத்தைச் சூழ்ந்த பகுதியா, அதனை அழைத்த பகுதியா? பின்வரும் நிரல் இவ்வினாவின் தேவையைக் காட்டும்.

1. எண் வரி = 5
2. செயல் காட்டு()
3. அச்சிடு(வரி)
4. முடிவு
5. செயல் கடை()
6. எண் வரி = 18
7. காட்டு()
8. முடிவு
9. கடை()

எழுதிய இடத்தை நோக்கினால் விடை 5. அழைத்த இடத்தை நோக்கினால் விடை 18. முன்னது நிலை வரையெல்லை எனவும் பின்னது இயங்கு வரையெல்லை எனவும் பெயர்பெறும். அல்கால் 60 முன்னதைக் கொண்டது. ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழியின் தொடக்ககாலச் செயலாக்கங்கள் பின்னதைக் கொண்டிருந்தன. ஒரு செயற்கூற்றை மற்றொரு செயற்கூற்றுக்கு உள்ளீடாகத் தந்தபோது பெயர்கள் எதிர்பாராத பொருளைச் சுட்டின. மெக்கார்த்தி தொடக்கத்தில் இதனை எளிதில் திருத்திவிடத்தக்க பிழை என்றே கருதியதாகப் பின்னாளில் எழுதினார். அது திருத்தத்தால் தீரும் சிறு பிழையன்று. மொழியின் அடிப்படை பற்றிய வினா. 1975இல் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் மொழி, லிஸ்ப் மரபில் நிலை வரையெல்லையை நிலைநாட்டியது.

இன்று பெரும்பாலான மொழிகள் நிலை வரையெல்லையையே பின்பற்றுகின்றன. நிரலை இயக்கிப் பார்க்காமலே, எழுத்தைப் படித்த அளவில் ஒரு பெயரின் பொருளை அறியலாம் என்பதே அதன் சிறப்பு. இயங்கு வரையெல்லையிலோ, யார் யாரை அழைப்பார் என்பதை அறிந்தாலன்றி ஒரு வரியின் பொருளை உறுதிசெய்ய இயலாது.

தெரிந்து தெளிவோம்

பைத்தான் மொழியில் பெயர்கள் நான்கு படிகளில் தேடப்படுகின்றன: செயற்கூற்றின் உள்ளே, அதனைச் சூழ்ந்த செயற்கூற்றில், கோப்பு முழுதும் அளாவிய பகுதியில், மொழியோடு உள்ளிணைந்த பெயர்களில். செயற்கூற்றினுள் ஒரு பெயருக்கு எங்கேனும் மதிப்பு இருத்தப்பட்டால், தனியே வேறு அறிவிப்பு இல்லாதபோது, அப்பெயர் அச்செயற்கூறு முழுமைக்கும் உள்ளமைப் பெயராகிவிடும். வெளியிலுள்ள பெயருக்கு மதிப்பிருத்த ‘குளோபல்’, ‘நான்லோக்கல்’ ஆகிய கூற்றுகள் பயன்படுகின்றன. பைத்தான் 3 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம்.

வரையெல்லையும் காண்புநிலையும்

வரையெல்லையும் காண்புநிலையும் ஒன்றல்ல. முதல் நிரலில் வெளியிலுள்ள ‘மொத்தம்’ செயற்கூறு இயங்கும்போதும் நினைவகத்தில் இருக்கிறது. அதன் மதிப்பும் மாறவில்லை. ஆனால், அதே பெயருடைய உள்மாறி அதனை மறைத்துவிட்டது. மரத்தின் பின்னால் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாததால் அங்கு இல்லாதவராகிவிடுவதில்லை. இவ்வாறு உள்பெயர் வெளிப்பெயரை மறைப்பது நிழலிடல் எனப்படும். இதனால் விளையும் இடரைக் கருதி, ஒரே செயற்கூற்றினுள் உள்ளமை மாறி ஒன்றின் பெயரை உள்தொகுதியில் மீண்டும் மாறியாக அறிவிப்பதை ஜாவா மொழி தடுக்கிறது.

மறைத்தல் எப்போதும் தீங்கன்று. வேண்டுமென்றே மறைப்பதும் உண்டு. 1972இல் டேவிட் பார்னாஸ் எழுதிய கட்டுரை, பெரிய நிரலைக் கூறுகளாகப் பிரிக்கும்போது, ஒவ்வொரு கூறும் பின்னர் மாறக்கூடிய ஒரு முடிவைத் தன்னுள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. வங்கிக் கணக்கின் இருப்பைக் குறிக்கும் மாறியை நிரலின் எப்பகுதியும் மாற்றலாம் என்றால், தவறு நேர்ந்தபோது நிரல் முழுவதையும் ஆராய வேண்டியிருக்கும். அதனைத் தனியுறுப்பாக்கி, செலுத்துதல், எடுத்தல் ஆகிய இரு செயற்கூறுகளின் வழியாக மட்டுமே அணுகச் செய்தால், அவ்விரண்டையும் ஆராய்வதே பெரும்பாலும் போதுமானது.

உடன்வரும் சொல்லால் பொருள் துணியும் நெறியும் நிரல்மொழிகளில் உண்டு. சி++, ஜாவா போன்றவற்றில் ஒரே பெயரில் பல செயற்கூறுகள் அமையலாம். உடன் தரப்படும் உள்ளீடுகளின் வகையைக் கொண்டு உரியதை நிரல்பெயர்ப்பி தெரிவு செய்கிறது. இரண்டு ஒரே அளவில் பொருந்தி, எது உரியது எனத் துணிய இயலாதாயின், பிழை என்று கூறி நின்றுவிடுகிறது. ‘மா வீழ்ந்தது’ என்னும் தொடரில் நாம் கண்ட ஐயம் இங்கும் எழுகிறது. கூறுபவரே தெளிவாக்க வேண்டும் என்னும் தீர்வும் ஒத்திருக்கிறது.

படிப்பவர் பொருட்டு

நிரலை நிரல்பெயர்ப்பி மட்டும் படிப்பதில்லை. அதனைப் பின்னாளில் திருத்தப்போகும் மனிதரும் படிக்கிறார். விதியைக் கடைப்பிடிப்பதில் நிரல்பெயர்ப்பி சோர்வதில்லை, மனிதர் சோர்வர். ஆகவே, பெயரை அது தேவைப்படும் மிகச்சிறிய எல்லைக்குள் அறிவித்தல், வெளியிலுள்ள பெயரை உள்ளே மீண்டும் சூட்டாதிருத்தல், பொருள் விளங்கும் பெயரைத் தேர்தல் ஆகிய மூன்றும் நிரல் எழுதுவோர் பேண வேண்டிய நெறிகளாகும். கணினிக்குப் புரியும்படி எழுதினால் நிரல் இயங்கும். அடுத்தவருக்கும் புரியும்படி எழுதினால்தான் அது நிலைத்துப் பயன்தரும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு பொருளைக் குறிக்கும் சொல் உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் வெவ்வேறு பொருளில் வழங்குமாயின், அத்தகைய சொற்கள் ஐந்தினைத் தொகுத்து வகுப்பில் உரையாடுக.
2. முதல் மாதிரி நிரலுக்குரிய குறியீட்டு அட்டவணையை, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது இருக்கும் நிலையோடு வரைந்து காட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. உள்தொகுதியில் உள்ள பெயர் வெளித்தொகுதியில் உள்ள அதே பெயரை மறைப்பது
அ) பெயர் இனங்காணல் ஆ) நிழலிடல் இ) இயங்கு வரையெல்லை ஈ) மதிப்பிருத்தல்

குறுவினா
1. வரையெல்லை என்றால் என்ன?
2. குறியீட்டு அட்டவணையின் பயனைக் கூறுக.

சிறுவினா
1. நிலை வரையெல்லை, இயங்கு வரையெல்லை ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. ‘வரையெல்லையும் காண்புநிலையும் ஒன்றல்ல’ என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா
1. பலபொருள் ஒருசொல்லை உணரும் முறையையும் நிரல்பெயர்ப்பி பெயர்களை இனங்காணும் முறையையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.